வாடையில்லாத பொட்டலம்

“இப்பவும் வாயில ஒதுக்கிக்கினுதான் வந்திருக்கியாடா?” என்று கேட்டாள் அமலா.

வாசலில் நின்ற வல்லரசுவின் இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “இல்லம்மா” என்றான். அந்த ஒரு சொல்லும் குழறித்தான் வந்தது.

அமலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே கட்டிலில் கிடக்கிற அவள் மகன் இனியவனுக்கு இருபத்திரண்டு வயது. பாதி நாக்கை அறுத்து எடுத்துவிட்டார்கள். கேப்பைக் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து, மூக்கில் சொருகிய குழாய் வழியாக அவள்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

இனியவனும் கூட்டேரிப்பட்டு வல்லரசுவும் திண்டிவனத்தில் ஒரே பயிற்சி மையத்தில் ஓடி, ஒரே நாளில் பட்டாளத்துக்குத் தேர்வானவர்கள். போன இடம் பனிமலை. காவல் நிற்கும்போது பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. சின்ன நெருப்பும் தூரத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் பையன்கள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்வது. புகை கிடையாது, வாடை கிடையாது, புதினா மிட்டாய் வாசம்தான். அதிகாரி பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

இனியவனுக்கு வந்திருப்பது இன்னதென்று தெரிந்த வாரம், அவன் போனில் அமலா ஒரு படத்தைப் பார்த்தாள். வல்லரசு வட்ட டப்பா ஒன்றைத் திறந்து நீட்டுகிறான். இனியவன் சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுக்கிறான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே டைப் அடிக்கிறவரிடம் உட்கார்ந்து மனு எழுதினாள். படத்தையும் சேர்த்து அவர்களுடைய அதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள்.

“எதுக்கு வந்த?”

“ஒரு லெட்டர் வாங்கிக்கினு போலாம்னும்மா. நீங்க குடுத்த புகார வாபஸ் வாங்கிக்கிறேன்னு.” வல்லரசு நிறுத்தி நிறுத்திப் பேசினான். “அத வச்சித்தான் என்னை அனுப்பிட்டாங்க.”

அமலா சிரித்தாள். ஏழு மாதத்தில் இன்றைக்குத்தான் சிரிக்கிறாள்.

“வேல போச்சா? நல்லா போவட்டும். எம்புள்ள ஒரு வாய் சோறு தின்னு ஏழு மாசம் ஆவுது. உனக்கு வேல ஒரு கேடா?”

“ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா.”

கையில் இருந்த கிண்ணத்தை அவன் முகத்தில் கொட்டினாள். கஞ்சிக் குழாய் கழுவின தண்ணீர். சட்டை நனைந்து சொட்டியது. அவன் நகரவில்லை.

“எம்புள்ள பட்டது அத்தினியும் நீ படணும்டா! எச்சி முழுங்க முடியாம தவிச்சி, நாறி, ஒரு ஒருத்தர் காலா உழுந்து கெஞ்சணும்டா நீ!”

எதிர்வீட்டில் கதவு திறந்தது. சத்தம் கேட்டு இனியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். ஈரச் சட்டையோடு நிற்கும் நண்பனையும், கிண்ணத்தோடு நிற்கும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பாத்துக்கடா இவன! நான்தான் மனு எழுதிப் போட்டு இவன் வேலைய காலி பண்ணேன். இப்ப என்கிட்டயே லெட்டரு கேட்டுக்கினு வந்து நிக்கிறான்!”

இனியவனின் முகம் வெளிறியது. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் பேசுவதெல்லாம் போன் வழியாகத்தான். அவன் தட்டுவதை, செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல் படித்துச் சொல்லும். எதையோ தட்டினான். அந்தக் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னது:

“அம்மா. அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். முதல் பொட்டலத்தை அவன் வாயில் வைத்துவிட்டது நான்.”

அமலா தன் காதை நம்பவில்லை. இனியவன் மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதேதான்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“விசாரணையில உன்னைக் கேட்டிருப்பாங்கல்ல? அப்பவாவது சொல்லக் கூடாதாடா?” என்று வல்லரசுவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“சொன்னா அவனையும் அனுப்பிருப்பாங்கம்மா” என்றான் வல்லரசு. “சர்வீஸ்ல இருக்கறவனுக்குத்தான் மிலிட்டரி ஆஸ்பத்திரில செலவில்லாம பாப்பாங்க. அவனுக்கு அப்பத்தான் நாள் குறிச்சிருந்தாங்க. அதான் டப்பா என்னுதுன்னு சொல்லிட்டேன்.”

இனியவன் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டான். குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் மேல் கண்ணீர் இறங்கியது.

அமலா எழுந்து வல்லரசுவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் பாவிடா. லெட்டர் என்ன லெட்டரு, ஒண்ணுக்குப் பத்தா எழுதித் தரேன். அந்த ஆபீசரு கால்ல உழுந்தாவது உன் வேலைய வாங்கிக் குடுக்கறேன்டா.”

வல்லரசு இனியவனைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“வேலைக்கு இல்லம்மா. ஆபரேசனுக்கு.”