நுனி நாக்கு

"மூணு நாளா காய்ச்சல், தொண்டை வலி, உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பா புள்ளி. ஒரு டாக்டர் அலர்ஜிங்கிறார், இன்னொருத்தர் வேர்க்குருங்கிறார். ஹாங்காங்ல டாக்டருக்குப் பஞ்சமில்ல, மூளைக்குத்தான் பஞ்சம்!"

மேய்-குவான் பொரிந்து தள்ளினாள். டாக்டர் ஃபங் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, அவளுடைய ஐந்து வயது மகள் ஹோய்-சிங்கிடம் குனிந்தார்.

"புள்ளியை மட்டும் வச்சு சொல்ல முடியாதும்மா. தொண்டையைப் பார்க்கணும். ஆ காட்டு, செல்லம்."

ஹோய்-சிங் நுனி நாக்கை மட்டும் நீட்டிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னும் நல்லா."

மறுபடியும் நுனி நாக்குதான்.

"தொண்டை வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"வலி இல்லைங்கிறாளே?" என்றார் டாக்டர்.

"ராத்திரி பூரா அழுதா! ஒரு குழந்தையை வாயைத் திறக்க வைக்கத் தெரியல, நீங்கெல்லாம் குழந்தை டாக்டரு!" மேய்-குவான் மகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி மானத்தை வாங்குறே? திறடி வாயை!"

ஹோய்-சிங்கின் கண்கள் நிறைந்தன.

"நீதானேம்மா சொன்னே? ஸ்கூல் வாசல்ல மாஸ்க் போட்டவங்க சோதிச்சா நுனி நாக்கை மட்டும் காட்டு, வலிக்குதான்னு கேட்டா இல்லேன்னு சொல்லு, லீவு போட்டா அட்டெண்டன்ஸ் பரிசு போயிடும்னு... இன்னிக்கும் அப்படித்தானே உள்ள விட்டாங்க?"

ஹோய்-சிங் மெல்ல வாயைத் திறந்தாள். ஸ்ட்ராபெர்ரிப் பழம் போல் சிவந்திருந்தது நாக்கு.

"ஸ்கார்லெட் காய்ச்சல். குழந்தைங்களுக்குள்ள வேகமா தொத்திக்கும்" என்ற டாக்டர், தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"இவ வகுப்புல மொத்தம் எத்தனை குழந்தைங்க?"