அட்மின் சார்

"அட்மின் சார், ஓடிபி வந்துச்சா?"

செல்வக்குமார் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை உற்றுப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கடைக்குள் டவர் எடுக்கவில்லையோ என்று சமயநல்லூர் மெயின் ரோட்டு வெயிலுக்கே இறங்கி வந்தான். அங்கும் வரவில்லை. பேசியது நாகஜோதி, அவன் மனைவி. உசிலம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. இதுதான் முதல் போன்.

அவள் பட்டிமன்றப் பேச்சாளர். வெப்சைட் செய்து தருவதே அவன் பிழைப்பு என்பதால், அவளுக்கும் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தான். அதில் 'என்னைப் பற்றி' என்ற பக்கத்தில் மூன்று பத்தி எழுதினான். இரண்டு பத்தி அவனைப் பற்றி.

'கணவரின் ஊக்கத்தால் மேடையேறிய' என்ற வரியை அவள் நீக்கினாள். அவன் சேர்த்தான். அவள் மறுபடி நீக்கினாள். அவன் பாஸ்வேர்டை மாற்றினான். அவள் பெட்டியைக் கட்டினாள்.

"திருவிழாப் பட்டிமன்றத்துக்கு ஆள் தேடுற சோழவந்தான் கோயில்காரக சாயங்காலம் சைட்டப் பாப்பாகளாம். அதுக்குள்ள புது நிகழ்ச்சியெல்லாம் ஏத்தணும்" என்றாள். "பாஸ்வேர்டு மாத்துற பட்டன அமுக்கியாச்சு. பேரு என்னுது, மூஞ்சி என்னுது, பேச்சு என்னுது. ஓடிபி மட்டும் ஒங்க போனுக்கு வருமாம். நல்லாருக்கு சார் ஒங்க நியாயம்."

'வரலை' என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தான். 'சரி, அப்பறம் பாத்துக்கிறேன்' என்று வைத்துவிடுவாள். அவளுடைய 'அப்பறம்' எவ்வளவு நீளும் என்பது அவனுக்குத் தெரியும்.

பக்கத்து ஃப்ளெக்ஸ் கடை ராஜபாண்டியின் பைக் எதிரே நின்றது. நம்பர் பிளேட்டில் இருந்த நாலு எண்ணை வாசித்து, தன் பங்குக்கு இரண்டைச் சேர்த்து ஆறாக்கிச் சொல்லிவிட்டான்.

மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு புரையேறியதுபோல் ஓர் இருமல்.

"என்னாச்சு ஜோதி?"

"ஒண்ணுமில்ல. தப்புன்னு வருது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

ராஜபாண்டி எட்டிப் பார்த்தான். "மாப்ள, என் வண்டி நம்பர எந்த ஸ்டேசனுக்குடா சொல்ற?"

செல்வக்குமார் போனைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணாலேயே அவனைக் கும்பிட்டு உள்ளே அனுப்பினான்.

"நெட்டு ஸ்லோவா இருக்கு. இன்னொண்ணு வரும், இரு" என்றான். இருக்கச் சொன்ன பிறகு என்ன பேசுவது? வாய் தனக்குத் தெரிந்த தொழிலுக்கே போனது. "அதுக்குள்ள ஒண்ணு கேளு. முகப்புல இருக்குற போட்டோ ரொம்பக் கனம். சுருக்கிப் போட்டாத்தான் சைட்டு சட்டுன்னு தொறக்கும்."

"அதுல ஓரத்துல நிக்குற ஒங்கள எடுத்தாலே பாதிக் கனம் கொறஞ்சிரும்."

"தொறந்த ஒடனே நாதஸ்வரம் வாசிக்குதுல்ல, அதையும் எடுத்துரணும். ஆபீஸ்ல ஒக்காந்து பாக்குறவன் பதறிப் போயி மூடிருவான்."

"இது சைட்டா கல்யாண மண்டபமான்னு நான் அன்னைக்கே கேட்டேன்."

கேட்டாள்தான். அவன் அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

"பழசையெல்லாம் அப்பப்பத் தூக்கிப் போட்றணும் ஜோதி. எல்லாத்தையும் சேத்து வச்சா எதுவும் நகராது."

"சைட்டத்தான சொல்றீக?"

"சைட்டத்தான்." அவசரமாகத் தொடர்ந்தான். "மாசத்துக்கு ஒருவாட்டி ஒரு காப்பி எடுத்து வையி. திடீர்னு போயிருச்சுன்னா..."

"போயிருச்சுன்னா?"

"ஒண்ணும் இல்லாம நிக்கணும்."

ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவன் வெயிலுக்கும் நிழலுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"அடுத்தது வந்துச்சா?"

எதிர்ப் பக்கம் ஒரு டயர் கடை போர்டு தெரிந்தது. அதிலிருந்த போன் நம்பரின் கடைசி ஆறு எண்ணை, இப்போதுதான் வந்ததுபோல் திணறித் திணறி வாசித்தான். மறுபடியும் அந்த இருமல்.

"இதுவும் தப்பாம். இன்னொருவாட்டி தப்பாப் போட்டா சைட்டு பூட்டிக்கிருமாமே?"

பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டைப் போட்டதே அவன்தான், போன மாதக் கோபத்தில். பூட்டினால் நாளை வரைக்கும் திறக்காது. சோழவந்தான் மேடை கைநழுவும். அதற்கும் காரணம் கணவன்தான் என்று ஆகும். அப்புறம் உசிலம்பட்டியிலிருந்து போன் வராது, வக்கீல் நோட்டீஸ்தான் வரும்.

"சொல்லுங்க, போடுறேன்."

"போடாத ஜோதி!" அவன் கத்தியதில் ராஜபாண்டி மறுபடி எட்டிப் பார்த்தான். "ஓடிபி எதுவும் வரல. ரெண்டும் நானா அடிச்சு விட்டது."

"எதுக்கு?"

"வரலைன்னா போன வச்சிருவ."

இதோ துண்டிக்கப் போகிறாள் என்று பயந்து, மூச்சு விடாமல் கொட்டினான். "ஓடிபியெல்லாம் வேணாம். பாஸ்வேர்டயே சொல்றேன், எழுதிக்க. நம்பரயும் ஒன் நம்பரா மாத்திக்க. அந்த வரிய எடு, என் போட்டோவ எடு, என்ன வேணாலும் எடு. இனிமே நீதான் அட்மின்."

இதுவரை இருமலாக்கி மறைத்த சிரிப்பை அடக்க முடியாமல் அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

"நான் பட்டன அமுக்கியிருந்தாத்தான மாமா ஓடிபி வரும்?"