இருபது அடியில் கடல்

ரொறொன்ரோவிலிருந்து மெக்சிக்கோவுக்கு மூன்று நாள் பயணம், ஹொட்டேலும் சேர்த்து முந்நூற்றுத் தொண்ணூறு டொலர். கல்யாணமாகி நான்கு வருடத்தில் சுபாஜினிக்குக் கட்டுப்படியான முதல் பயணம் இதுதான். விளம்பரத் தாளைக் கணவனிடம் நீட்டினாள். ஹொட்டேல் படத்தைப் பார்த்ததும் குகராஜா முகத்தைச் சுளித்தான்.

"உந்த ஹொட்டேல் வேண்டாம். அறைக்குக் கட்டில் ஒண்டுதான். பன்னிரண்டு பேர் படுக்கேலாது."

"நாங்கள் ரெண்டு பேர்தானேயப்பா."

"யன்னல் திறக்க விடமாட்டாங்கள். இருமினாலும் ஏச்சு."

"போய் இருந்த ஆள் மாதிரிக் கதைக்கிறியள்."

"கள்ளமாக் கனடாவுக்கு வரேக்க, கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்களை ஒளிச்சு வைச்சது உதிலைதான். நாற்பத்தொரு நாள்."

சுபாஜினி தாளை மடிக்கப் போனாள். அவன் வாங்கி மறுபடி பார்த்தான்.

"உது என்ன, கடலே?"

"ஓம். வாசலிலை இருந்து இருபது அடியாம்."

"ஒருத்தனும் சொல்லேல்லையே. சரி, ரிக்கெற் எடும்."