சிங்கிள் கோட், டபுள் கோட்

"உலகமே டபுள் கோட்தாங்க போடுது. இந்த மேடம் மட்டும் எச்டிஎம்எல்ல சிங்கிள் கோட் போட்டு வெச்சிருக்காங்க. பழக்கமே சரியில்லீங்க" என்றான் யோகேஷ். சேலத்துப் பெரிய கம்பெனி ஆள். பேச்சிலேயே அது தெரிந்தது.

"உலகம் ரிக் ஸ்பேர் விக்கறதில்லீங்களே, சார்" என்றாள் ரஞ்சிதா, அவன் பக்கம் திரும்பாமலே.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் உதிரிபாகம் விற்கும் கண்ணுசாமிக்கு வெப்சைட் வேண்டும். இருவரும் ஆளுக்கொரு மாதிரி செய்து கொண்டுவந்திருந்தார்கள். ரஞ்சிதா சொந்தமாக ஆபீஸ் போட்டதிலிருந்து ஒரு ஆர்டர்கூட வரவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் ஷட்டரை இறக்கிவிட்டுப் பழையபடி யாரிடமாவது சம்பளத்துக்குப் போகவேண்டியதுதான். பயத்தில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, பாவம்.

"அதென்ன கோட்டு? எனக்குப் புரியறாப்பல சொல்லுங்க சாமி" என்றார் கண்ணுசாமி.

"மேற்கோள் குறிங்க. பொருளோட பேரு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கம்ப்யூட்டருக்குக் காட்டற வேலிங்க. நான் ரெண்டு பக்கமும் ஒத்தக் கீத்து வெச்சிருக்கேன். சார் ரெட்டக் கீத்து."

"எது வெச்சாலும் ஒண்ணுதாங்க" என்று சிரித்தான் யோகேஷ்.

"அப்பறம் எதுக்குங்க சார் என்னையக் கொற சொன்னீங்க?"

"சண்ட வேண்டாம். நானே ரெண்டுலயும் சரக்க ஏத்திப் பாக்கறேன்" என்றார் கண்ணுசாமி.

கண்ணுசாமி பில் போடும் பழக்கத்திலேயே தட்டினார்: 6" பட்டன் பிட். 6" ஹேமர். 7" கேசிங் பைப். 'அங்குலம்' என்று முழுசாக எழுத இந்த ஊரில் யாருக்கு நேரமிருக்கிறது? எண்ணுக்குப் பக்கத்தில் ரெட்டைக் கீற்று போட்டால் முடிந்தது.

ஆர்டர் பக்கத்தைத் திறந்தார். யோகேஷ் செய்ததில் 6, 6, 7 என்று மொட்டையாக நின்றது. அங்குலக் கீற்றைப் பார்த்ததும் பெயர் முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துவிட்டது.

"வெறும் ஆறுன்னா பிட்டா, ஹேமரான்னு வாங்கறவனுக்கு எப்படீங்க தெரியும்?"

யோகேஷின் முகம் செத்துப்போனது. ரஞ்சிதா செய்ததில் பிட், ஹேமர், பைப் எல்லாம் முழுசாக இருந்தன.

"உங்க கட அலமாரில அங்குலத்துக்கு ரெட்டக் கீத்து போட்டு ஒட்டியிருக்கறதப் பாத்துட்டுத்தாங்க ஒத்தக் கீத்துல எழுதினேன்."

"ஆர்டர் உங்களுக்குத்தாம்மா!"

ரஞ்சிதாவுக்குக் கடையே அதிரக் கத்தவேண்டும்போல் இருந்தது. ஜெயித்துவிட்டாள்! இனி ஷட்டர் இறங்காது.

"மனசு உட்றாதீங்க தம்பி" என்று யோகேஷின் தோளைத் தட்டி அனுப்பினார் கண்ணுசாமி.

தெருமுனை தாண்டியதும் யோகேஷ் பைக்கை ஓரங்கட்டினான். பின்னாலேயே நடந்துவந்த ரஞ்சிதா ஏறி உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க. எனக்காக வேணும்னேதான் தோத்தீங்களா?"

"உம் புருசன் அவ்வளவு நல்லவனில்லடி!"