படாமல் விழுந்தவன்

கடைசி நிமிடம். ஒரு கோல் போட்டால் எங்கள் ஊர் அணி மேல் டிவிஷனுக்குப் போய்விடும். டோன்சி பந்தோடு தனியாகப் பாய்ந்தான். எதிரணி கோல்கீப்பர் ஃபிரானே பந்தைப் பிடிக்க, அவன் காலடியில் முகத்தை முன்னால் நீட்டிப் பாய்ந்தான். உதைக்க ஓங்கிய காலை மடக்கிக்கொண்டு, யாரும் தொடாமலே டோன்சி புரண்டு விழுந்தான்.

நடுவர் டோன்சிக்கு மஞ்சள் அட்டை காட்டினார். ஆட்டம் டிரா. மேல் டிவிஷன் கனவு அவ்வளவுதான்.

"விரல் நகம்கூடப் படல! என்னமா நடிக்கிறான்!" என்று ஃபிரானே கைதட்டினான்.

சாயங்காலம் மதுக்கடையில் கோச் ஸ்டிபே அவனைப் பிடித்துக்கொண்டார். "என்னப்பா, மலையிலேருந்து போரா காத்து வந்து தள்ளிவிட்டுச்சாக்கும்?"

"நான் பெனால்டியே கேக்கலையே, கோச்."

"தொடாம விழுந்தா அது ஏமாத்துதான். இல்லேன்னா எதுக்குடா விழுந்த?"

டோன்சி கோப்பையிலிருந்த ராக்கியா சாராயத்தை ஒரே மடக்கில் விழுங்கினான்.

"பையனுக்கு ஒரு சினிமா சான்ஸ் வாங்கிக் குடுங்கப்பா!" என்றார் கடைக்காரர். கடையே சிரித்தது.

மறுநாள் காலை, மணக்கோலத்தில் இருந்த தங்கை நெவென்காவின் கையைப் பிடித்து டோன்சி தேவாலயத்துக்குள் அழைத்துப் போனான். பீடத்தருகே மாப்பிள்ளை காத்திருந்தான். மூக்கு நேராக இருந்தது. பல் ஒன்றும் குறையவில்லை.

"நேத்து பிரமாதமா விழுந்தீங்க, மச்சான்!" என்றான் ஃபிரானே, அத்தனை பல்லும் தெரிய.

நெவென்கா பூச்செண்டுக்குப் பின்னாலிருந்து சீறினாள். "இவருக்குச் சிவப்பு அட்டை வாங்கிக் குடுக்கத்தானே விழுந்த? வெட்கமா இல்லையாண்ணே?"

புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். டோன்சி சிரித்தான். அவன் நடித்தது அப்போதுதான்.