அன்றைக்கே மாற்றிவிட்டார்கள்

"அந்தப் பசையை நிறுத்துங்க சார். கருவைப் பாதிக்குது" என்றாள் ஜெனிஃபா. வேலூரில் ரசாயனங்களை எலிகளுக்குக் கொடுத்துச் சோதிப்பது அவள் வேலை.

ஆம்பூர் ஷூ கம்பெனி மேனேஜர் அன்பரசன் யோசித்தார்.

"பசைய மாத்தினா ஆர்டர் போயிடும்மா. ஒண்ணு செய்றேன். முழுகாம இருக்கேன்னு யார் சொன்னாலும், அன்னிக்கே பேக்கிங்குக்கு மாத்திடறேன். போதுமா?"

"போதாது சார். ஏன்னா..."

"இதுக்கு மேல இன்னாம்மா செய்றது? லேடீஸ்கிட்ட எதுவும் பேசிடாதீங்க, பயந்துடுவாங்க."

காரணத்தைக் கேட்காமலே எழுந்து போய்விட்டார்.

மறுமாதம், ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்த ஜெனிஃபாவின் கையை ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நான் ஜெபராணி. ஷூ கம்பெனில பசை தடவிட்டிருந்தேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு இப்பதான் நின்னிருக்கு. டெஸ்ட்ல ரெண்டு கோடு பாத்ததும் மேனேஜர்கிட்ட ஓடினேன். அன்னிக்கே மாத்திட்டாரு. நீங்க சொல்லித்தானாமே!"

"அதுவரைக்கும் பசை செக்‌ஷன்லயா இருந்தே?"

"ஆமாக்கா. இனிமே பயமில்லதானே?"

ஜெனிஃபா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எலிகளை அவள் அந்தப் பசையின் வாடையில் வைத்தது, கரு உண்டான முதல் மூன்று நாள் மட்டும்தான். எந்தத் தாய்க்கும் தெரியவராத நாட்கள் அவை. அதன்பிறகு சுத்தமான காற்றும் நல்ல தீனியும்தான் கொடுத்தாள்.

அப்படியும், பிறந்த குட்டிகளில் பாதிக்கு முதுகெலும்பு மூடியிருக்கவில்லை.