சுவருக்குள் ஒரு தேங்காய்ச் சில்லு

“ஒரு தேங்காச் சில்லுக்காகவா?”

அவன் கத்தியது கிரேன் உச்சியில் இருந்தவருக்கே கேட்டிருக்கும்.

“ஆமா, ஒரு சில்லுக்காகத்தான். எடுங்க.”

அவளும் மெதுவாகச் சொல்லவில்லை.

கான்கிரீட் போடக் காத்திருந்த நாங்கள் காதை அங்கேயே வைத்துவிட்டுக் கண்ணைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டோம். அடுத்தவர் சண்டையை நேராகப் பார்ப்பது நாகரிகமில்லையே.

அவள் தரப் பிரிவு இன்ஜினியர். அவள் சரி என்று சொல்லாமல் அணு உலைச் சுவரில் ஒரு கரண்டி கான்கிரீட் விழாது. அவன் வேலையை நடத்தும் இன்ஜினியர். தை பிறந்தால் இருவருக்கும் கல்யாணம். நிச்சயதார்த்தத்தில் பாயசம் கொஞ்சம் தண்ணி என்பதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான்.

கான்கிரீட் போடுமுன் பூஜை போடுவோம். ஃபோர்மேன் கொம்பையா கம்பிக்கட்டின் மேலேயே தேங்காயை உடைப்பார். அன்றைக்குத் தேங்காய் மூன்றாகச் சிதறியது. ஒரு சில்லு துள்ளி, கம்பிகளுக்கு நடுவே தட்டித் தட்டி இறங்கியது.

இரண்டு ஆள் ஆழம். கை நுழையும், தோள் நுழையாது.

எடுக்க வேண்டுமானால் கலவை வழியாமல் சுற்றி அடைத்த பலகைகளில் அடிப்பலகையைக் கழற்ற வேண்டும். அரை நாள் போய்விடும். கீழே கான்கிரீட் லாரிகள் வயிற்றைச் சுழற்றிக்கொண்டு வரிசையில் நின்றன. ஐஸ் போட்டுக் குளிரவைத்த கலவை. வெயில் ஏறினால் அத்தனையும் குப்பை.

மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வருகிறார். சுவர் எழும்பியிருந்தால் அவனுக்குப் பதவி உயர்வு. இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

“சாமிக்கு உடைச்சது. உள்ள கெடந்தா நல்லதுதான?” என்றான் அவன்.

எங்களில் சிலர் தலையை ஆட்டிவிட்டோம்.

“அழுகும். அழுகினா அந்த எடம் ஓட்டையா நிக்கும். சொவத்துக்கு அந்தப் பக்கம் உலை.”

ஆட்டிய தலைகள் நின்றன.

அவன் குரலைத் தணித்தான். அப்போதுதான் இன்னும் தெளிவாகக் கேட்டது.

“நாளைக்கு வீட்லயும் இப்பிடித்தான் நிப்பியா?”

“வீட்ல விழுந்தா நீங்க துவையல் அரைங்க. இங்க விழுந்தா எடுங்க.”

யாரோ சிரித்துவிட்டார்கள். நான் இல்லை.

அவன் முகம் சிவந்தது.

“கொம்பையாண்ணே, பம்ப போடச் சொல்லுங்க. எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

கொம்பையா கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்தினார்.

அவள் நடந்துபோய்ப் பம்புக் குழாயின் வாய்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல.

அவன் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

லாரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

அவள் எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

பலகையைக் கழற்றினோம். கொம்பையா மண்டியிட்டுக் கையைவிட்டு எடுத்தார். வெள்ளை மாறாத சில்லு. ஓரத்தில் குங்குமம்கூட அப்படியே.

அவள் இறங்கி வந்து அதை வாங்கினாள். இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அவன்கூட மூச்சு விட்டான்.

அவள் சில்லைப் பார்க்கவில்லை. அது கிடந்த இடத்துக்குக் கீழே இருந்த சுவரைப் பார்த்தாள். இறுகிச் சாம்பல் நிறமாகிவிட்ட கீழ் அடுக்கு. அவள் இந்தப் பகுதிக்கு வருமுன், அவன் நின்று போட்டது.

“இதுக்கும் மேலேயே வச்சுதான் உடைச்சீங்களாண்ணே?”

கொம்பையா தரையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒருவரும் கத்தவில்லை.

நிச்சயப் பட்டு அந்த வாரமே அவன் வீட்டுக்குக் கூரியரில் திரும்பிப் போனது என்று கேள்வி. நாங்கள் பார்க்கவில்லை. கூரியர்காரர் நமக்கு வேண்டியவர்.

கீழ் அடுக்கைத் துளை போட்டுப் பார்த்தார்கள். என்ன கண்டார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சுவரில் ஒரு பாகத்தைக் கொத்தி எடுக்கும் வேலை மட்டும் எங்கள் தலையிலேயே விழுந்தது.

தை பிறந்தது. அவர்கள் பிடித்து வைத்திருந்த மண்டபத்தில் யாரோ காதுகுத்து நடத்தினார்கள்.

ஆனியில் அவள் மாற்றலாகி வடக்கே வேறொரு உலை வேலைக்குப் போனாள். தண்டனை என்றார்கள் சிலர். கேட்டு வாங்கினாள் என்றார்கள் சிலர். ஜீப்பிலிருந்து எங்களுக்குக் கை காட்டினாள். தண்டனை வாங்கிய முகமாகத் தெரியவில்லை.

ஆவணியில் அவனுக்கு நாங்குநேரிப் பக்கம் பெண் அமைந்தது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தான். போகாமல் இருப்போமா? பாயசம் இந்த முறை கெட்டி. வாசலில் ஆளுக்கொரு தாம்பூலப் பை. உள்ளே ஒரு தேங்காய்.

திரும்பும்போது பஸ் குண்டும் குழியுமான சாலையில் குதித்துக் குதித்து வந்தது.

கொம்பையா பையை மடியில் வைத்து, வீடு வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.